செட்டிகுளம் ரெண்டு குடுங்க

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"மூணு நாள் லீவு சேர்ந்தாப்ல வருது சார். அப்பாவோட ஊர் செட்டிகுளம் பக்கம். குடும்பத்தோட போலாம்னு இருக்கோம். கார் எடுக்காம, ரயிலும் பஸ்ஸுமாவே சுத்திட்டு வந்துர முடியுமா?"

தாராளமாக முடியும் என்றேன்.

"அது எனக்கும் தெரியும். என் கேள்வி வேற. வாசல்ல கார் நிக்குது. பெட்ரோல் போடவும் வசதி இருக்கு. அதை விட்டுட்டு பஸ்ல போனா அது நல்ல காரியமா, இல்ல சும்மா சீன் போடறதா? ஒம்பதாவது படிக்கிற என் பொண்ணு நல்ல காரியம்ங்கறா. வீட்டுல அவங்க சீன்ங்கறாங்க."

நல்ல கேள்வி. அவசரமாகப் பதில் சொல்லாமல் முதலில் பயணத் திட்டத்தைப் போட்டுப் பார்த்துவிடுவோம். தத்துவ விசாரத்தைக் காபிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

செட்டிகுளம் தெரியாதவர்களுக்காக: பெரம்பலூர் மாவட்டம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், பெரம்பலூர் தாண்டி ஆலத்தூர் கேட் என்று ஓர் இடம். அங்கே மேற்கே திரும்பினால் எட்டு கிலோமீட்டர் சொச்சம். மலை மேல் தண்டாயுதபாணி, கீழே ஏகாம்பரேஸ்வரர். தண்டாயுதபாணி என்று பேர், ஆனால் இந்த முருகன் கையில் இருப்பது கரும்பு. சுற்றுவட்டாரம் முழுக்க சின்ன வெங்காயம். சீசனில் வயலோரம் பட்டறை போட்டு அடைத்து வைத்திருப்பார்கள். உங்கள் சாம்பாரில் மிதக்கும் வெங்காயம் இந்தப் பக்கத்து மண்ணில் விளைந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

போவது எப்படி? பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் உண்டு, கல்லூரிகள் உண்டு, ரயில் கிடையாது. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ஒரு பாதை வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. ஆகவே ரயில் அரியலூர் வரைதான். சென்னையிலிருந்து காரைக்குடி போகும் பல்லவன் அரியலூரில் நிற்கும். அங்கிருந்து பெரம்பலூர் முப்பது கிலோமீட்டர் போல, பஸ். இல்லையென்றால் ரயிலில் திருச்சியே போய் இறங்கி, பஸ்ஸில் வடக்கே திரும்பி வரலாம். பெரம்பலூரில் ஒரு சுமாரான லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டால் அதுதான் உங்கள் தலைமையகம். தினமும் ஒரு திசை.

முதல் நாள் சிறுவாச்சூரும் செட்டிகுளமும். ஒரே சாலையில் இருக்கின்றன. இரண்டாம் நாள் வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் சந்தா சாகிப்பும் முகமது அலியும், ஒருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரன், இன்னொருவருக்குப் பின்னால் இங்கிலீஷ்காரன் என்று மோதிக்கொண்ட இடம். நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். அன்றைக்கே முடிந்தால் சாத்தனூர் கல்மரம். பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. வயது பத்துக் கோடி ஆண்டுக்கும் மேல். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகுக்குச் சொன்னார். இந்தக் கிராமத்துக்கு பஸ் குறைவு. போகிற பஸ்ஸை விட திரும்புகிற பஸ்ஸை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பத்துக் கோடி வருடம் காத்திருந்த மரத்தைப் பார்க்கப் போகிறோம், ஒரு மணி நேரம் நாமும் காத்திருந்தால் குறைந்துவிட மாட்டோம். மூன்றாம் நாள் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம். திரும்பி அரியலூர் வந்து ரயில்.

இதில் சிறுவாச்சூரில்தான் விஷயம் இருக்கிறது. மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். விசேஷ நாட்கள் கூடுதல். மற்ற நாட்களில் அம்மன் பக்கத்து மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். நீங்கள் எவ்வளவு பெரிய காரில் வந்து இறங்கினாலும் செவ்வாய்க்கிழமை என்றால் பூட்டிய கதவுதான். அம்மனே டைம்டேபிள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, நாளைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். மூன்று நாள் லீவு பெரும்பாலும் ஒரு வெள்ளியையோ திங்களையோ ஒட்டிக்கொண்டுதான் வரும் என்பதால் நண்பருக்குக் கவலையில்லை.

கோயில் நேரத்துக்கு நாம் போவது பக்தி. பஸ் நேரத்துக்கு நாம் போவது மட்டும் ஏன் அவமானமாகத் தோன்றுகிறது? ஒரு தலைமுறைக்கு முன்னால் அப்படித் தோன்றியதில்லை. "ஆறேகால் வண்டி" என்று பஸ்ஸுக்கு நேரத்தையே பெயராக வைத்திருந்த மனிதர்கள் நம் அப்பாக்கள். கார் வாங்கிய பிறகு "நெனச்சா கெளம்பலாம்" என்பது சுதந்திரத்தின் இலக்கணம் ஆகிவிட்டது.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒருவர் கணக்கே போட்டிருக்கிறார். இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், 1970-களில். ஒரு சராசரி அமெரிக்கர் காரில் உட்காரும் நேரம், காருக்கான தவணையும் இன்ஷூரன்ஸும் பெட்ரோலும் சம்பாதிக்க உழைக்கும் நேரம், எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,600 மணி. அதில் அவர் போகும் தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூட வரவில்லை. நம் ஊர் பால்காரர் சைக்கிளில் அவரை ஓவர்டேக் செய்துவிடுவார். கணக்கில் கொஞ்சம் குசும்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதாமாதம் ஐந்தாம் தேதி கார் லோன் கட்டுகிறவர்களுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்று இருக்கும்.

சரி, மகளின் கட்சிக்கு வருவோம். அவள் வாதம் சுற்றுச்சூழல். சென்னையிலிருந்து போய், அங்கே மூன்று நாள் சுற்றி, திரும்பி வர 750 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்குப் பதினைந்து என்றால் ஐம்பது லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் இரண்டே கால் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஆக நூறு கிலோவுக்கு மேல். பல்லவனும் செட்டிகுளம் பஸ்ஸும் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஓடத்தான் போகின்றன. பெண் சொல்வது சரி. ஆனால் நூறு கிலோவால் துருவப் பனி உருகுவது நிற்கப் போவதில்லை என்று அம்மா சொல்வதும் சரி. இதை மட்டும் வைத்து வாதாடினால் இந்த வழக்கு டிரா.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அதற்கு அரியலூர் ஸ்டேஷனில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1956 நவம்பர். மழைக்காலம். அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம், பாலம் தாங்கவில்லை, சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருடம் ஆந்திரப் பக்கம் மகபூப்நகரில் நடந்த விபத்துக்கே ராஜினாமா கொடுத்து, நேரு ஏற்காமல் விட்டிருந்தார். அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரியா பாலத்தை உடைத்தார்? இல்லை. ஆனால் 'இது என் பொறுப்பில் இருந்தது' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,000-க்கும் மேல். ஒருவர் ராஜினாமா செய்யவில்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. "நைட்டெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான், கண்ணசந்துட்டான், விதி" என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். ரயில் கவிழ்ந்தால் அது நாட்டின் துக்கம். கார் கவிழ்ந்தால் அந்த வீட்டின் துக்கம். தனித்தனியாகப் போகத் தொடங்கியதும் தனித்தனியாகச் சாகவும் பழகிவிட்டோம்.

பொது வண்டி என்பது ஏதோ ஏழைகளுக்கான மட்டமான ஏற்பாடு என்று நினைக்கிறோம். அது சும்மா கிடைத்ததல்ல. இந்த மாநிலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களை பஸ்ஸில் ஏற்றாமல் விட்ட காலம் ஒன்று இருந்தது. 1920-களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். காசு கொடுத்தவன் யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்காரலாம் என்பதை ஒருவர் சட்டமாக எழுத வேண்டியிருந்தது. 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. 1997-ல் பெரிய பஸ் போகாத ஊர்களுக்கு மினி பஸ். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நகரத்தில் சிலர் "ஓசி" என்று கிண்டலடிக்கிறார்கள். களை எடுக்கப் போகிற பெண்மணி புருஷனிடம் பஸ் காசு கேட்காமல் டவுனுக்குப் போய்த் திரும்ப முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பர்ஸில் எப்போதும் நாலு ஐந்நூறு ரூபாய் வைத்திருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது.

இப்போது நண்பரின் சீன் பிரச்னை. அந்தப் பெண்மணி வேறு வழியில்லாமல் பஸ்ஸில் போகிறார். நீங்கள் வழி இருந்தும் போகிறீர்கள். அவருக்கு அது வாழ்க்கை, உங்களுக்கு அது அனுபவம். இதில் ஒரு அசிங்கம் இருக்கிறதே என்பதுதான் வீட்டம்மாவின் சந்தேகம். நியாயமான சந்தேகம். ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு, வேர்வையையும் கோழிக் கூடையையும் செல்போனில் படம் எடுத்து, 'எளிய மனிதர்கள், எளிய பயணம்' என்று நாலு பேருக்கு அனுப்பினால் அது சீன்தான். மறுபேச்சு இல்லை.

ஆனால் வசதியானவர்கள் பஸ்ஸில் ஏறாமலே இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார நிபுணர் நைஜீரியாவில் ஒரு விநோதத்தைக் கவனித்தார். ரயிலுக்குப் போட்டியாக லாரிகள் வந்தன. போட்டி வந்தால் ரயில் திருந்த வேண்டும் இல்லையா? திருந்தவில்லை, இன்னும் மோசமானது. ஏன் என்று யோசித்து 1970-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் கண்டுபிடித்தது இதுதான்: ஒரு சேவை கெட்டுப்போனால் முதலில் விலகிப் போகிறவர்கள், சத்தம் போட்டுத் தட்டிக்கேட்கக் கூடியவர்கள். அவர்கள் போன பிறகு மிச்சமிருப்பவர்களின் குரல் யார் காதிலும் விழாது. நிர்வாகத்துக்கும் நிம்மதி.

நம் ஊரில் கவர்மென்ட் ஸ்கூலுக்கு நடந்தது இது. பொது ஆஸ்பத்திரிக்கு நடந்தது இது. பஸ்ஸுக்கும் நடக்கிறது. ஆலத்தூர் கேட்டில் இறங்கி செட்டிகுளம் பஸ்ஸுக்காக நிற்கிற பாட்டிக்கு நிழல் இல்லை என்றால், நாலு மணி வண்டி வராமல் போனால், யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், எந்த நம்பருக்குப் போன் பண்ண வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. நண்பருக்குத் தெரியும். கும்பகோணம் கோட்டத்துக்கு எழுதலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், எம்.எல்.ஏ.வைப் பிடிக்கலாம். ஆனால் நண்பர் அந்த வெயிலில் நின்றதே இல்லை. ஏ.சி. காரில் அதே இடத்தை நாலு நொடியில் தாண்டிப் போயிருக்கிறார். பாட்டி கையைக் காட்டியது லிஃப்ட்டுக்கா, பஸ்ஸுக்கா என்றுகூடக் கவனித்திருக்க மாட்டார். நல்லவர்தான். தெரியாத ஒன்றுக்காக எப்படிக் கோபப்பட முடியும்?

அதனால் என் பதில், வசதி உள்ளவர்கள் வருடத்தில் சில நாளாவது இப்படிப் போவது தியாகமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஒரு பொதுச் சொத்தில் நமக்கும் பங்கு உண்டு என்று கையெழுத்துப் போட்டு வைப்பது. ரேஷன் கார்டை வைத்திருந்து சர்க்கரை மட்டும் வாங்குகிறோமே, அந்த மாதிரி.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். நண்பரின் அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, முட்டி வலி. பஸ் படிக்கட்டு எவ்வளவு உயரம் என்று நமக்குத் தெரியும். மகளின் கொள்கைக்காகப் பாட்டி கஷ்டப்பட வேண்டுமா? கூடாது. அடுத்தவர் முட்டியில் ஏறி நின்று நாம் லட்சியவாதியாக முடியாது. கொள்கை என்பது அவரவர் சொந்தக் காலில் சுமக்க வேண்டிய சாமான். பெரியம்மா அரியலூர் வரை ரயிலில் கீழ் சீட்டில் சௌகரியமாக வரட்டும். பெரம்பலூரிலிருந்து செட்டிகுளத்துக்கு ஒரு வாடகைக் காரோ ஆட்டோவோ பேசிக்கொள்ளுங்கள். மருமகளும் மகனும் பேத்தியும் பஸ்ஸில் பின்னால் வரட்டும். கார் தொட்டால் தீட்டு என்று யார் சொன்னது? சுத்த சைவம் மாதிரி சுத்த பஸ் என்று ஒரு ஆசாரத்தை ஆரம்பித்துவிட்டால், அப்புறம் வீட்டம்மா சொன்னதே ஜெயித்துவிடும்.

அதுபோலவே சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி, ராத்திரி தனியாகத் திரும்ப வேண்டிய பெண். இவர்களிடம் போய் 'பஸ்ஸில் போங்கள், நல்லது' என்று உபதேசிக்க யாருக்கும் யோக்கியதை இல்லை. அவர்கள் ஏறுகிற மாதிரி பஸ் இல்லை என்றால் குற்றம் பஸ்ஸின் மேல்.

ரயில் எதிர்ப்பாளர் ஒருவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1909-ல் எழுதிய ஹிந்த் ஸ்வராஜில் காந்தி ரயிலை ஒரு பிடி பிடித்திருக்கிறார். ரயில் வந்ததால் கொள்ளைநோய் பரவியது, புண்ணிய ஸ்தலங்கள் கெட்டன என்றெல்லாம். அப்படி எழுதியவர் அப்புறம் வாழ்நாளெல்லாம் ரயிலில் போனார். மூன்றாம் வகுப்பில் போனார். போய்விட்டு சும்மா இருக்கவில்லை. 1917-ல் மூன்றாம் வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் பற்றி விலாவாரியாக எழுதி, உயர்ந்த பதவியில் இருப்பவர்கள் முன்னறிவிப்பில்லாமல் அதில் பயணம் செய்து பார்க்கட்டும் என்றார். அவர் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்ததை விட, உட்கார்ந்து பார்த்ததை எழுதியதுதான் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும். வெறுமே உட்கார்ந்திருந்தால் இன்னொரு ஆள் இடத்தை அடைத்ததோடு சரி.

இடத்தை அடைப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. விருந்தாளிக்கும் சில மரியாதைகள் உண்டு. லீவு சனி, ஞாயிறு, திங்கள் என்று அமைந்து, அந்தத் திங்கள் உங்கள் ஆபீசுக்கு மட்டும் லீவாக இருந்தால், உள்ளூரில் அது பள்ளிக்கூட நாள். காலை எட்டு மணி வாக்கில் வரும் வண்டியைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். புத்தக மூட்டையோடு படியில் தொங்கும் பையன்கள் உங்களால் இன்னும் இரண்டு பேர் தொங்க வேண்டாம். பத்து மணி வாக்கில் காற்றாடும். சாயங்காலமும் அப்படித்தான், பள்ளி விடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கும் கலையை நகரத்திலிருந்து போய் அங்கே காட்ட வேண்டாம். அவர்கள் அதில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். நூறு ரூபாய் நோட்டை நீட்டி கண்டக்டரைச் சோதிக்காமல் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நேரத்துக்கு இன்டர்நெட்டை நம்பாதீர்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் இருப்பார், அல்லது வெற்றிலைக் கடையில் கேளுங்கள். முக்கியமாக, கடைசி வண்டி எப்போது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தைய வண்டியில் திரும்பிவிடுங்கள். கடைசி வண்டி என்பது டவுனில் வேலை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்கு வேண்டியது.

காத்திருக்கும்போது செல்போனை எடுக்காமல் இருந்தால் ஏதாவது காதில் விழும். இந்த வருடம் மழை எப்படி, வெங்காயம் என்ன விலைக்குப் போனது, யார் வீட்டுப் பெண் நர்சிங் சேர்ந்திருக்கிறது. நெடுஞ்சாலையோர ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது. வராத வண்டியின் நேரத்தையும் நிழல் இல்லாத ஸ்டாப்பின் பேரையும் ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்ததும் ஒரு பக்கம் கடிதம். தேதி, இடம், நேரம், தடம் எண். புகழ்ச்சியும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம்.

அப்புறம், சின்ன வெங்காயம். காராக இருந்தால் டிக்கியில் ஒரு மூட்டை போட்டுக்கொண்டு வந்து, பாதியை முளைக்க விட்டிருப்பீர்கள். பஸ்ஸில் அஞ்சு கிலோ போதும். பையை நடுவழியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார். போட்டால் வாதாடாமல் கொடுத்துவிடுங்கள்.